பழைய கார்களின் மரத்தைக் கழற்றி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், கொட்டில்களில் தூசு படிந்து கிடந்த பழைய கார்கள் பல மீண்டும் தெருவுக்கு வந்தன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகும் அவற்றைத் திருத்தி ஓட்டும் ஆர்வம் குறையவில்லை. எஞ்சின் வேலைக்கும் டிங்கர் வேலைக்கும் திருகோணமலையில் கைதேர்ந்த பாஸ்மார் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கார்களுக்குள்ளே இருக்கும் மர டாஷ்போர்டும் கதவுகளின் மேல்விளிம்பு மரமும் கவனிப்பாரின்றி அழிகின்றன. மெஷினால் தேய்த்து, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தாளான வெனியரைத் துளைத்துவிடுகிறார்கள். படகுக்கு அடிக்கும் வார்னிஷைப் பழைய பூச்சின் மேலேயே அடித்துவிடுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மரக்கோடு அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். அந்த மரத்தில் பெரும்பகுதியை அதன் சொந்த வெனியரோடேயே மீட்டெடுக்கலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம். வேலை கடினமானதல்ல. பொறுமையும், நம்மூர்க் காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்கும் புத்தியும் இருந்தால் போதும்.

இந்த மரங்கள் பெரும்பாலும் முழுப் பலகை அல்ல. ஜகுவார் மார்க் 2, வூல்ஸ்லி 1500 போன்ற கார்களில் பிளைவூட்டின் மேலோ சாதாரண மரத்தின் மேலோ வால்நட் வெனியர் ஒட்டியிருக்கும். பிந்திய மெர்சிடிஸ் சிலவற்றில் மேற்கு ஆபிரிக்கக் கோடுமரமான சீப்ரானோ வெனியர் இருக்கும். பழைய வெனியரின் தடிப்பு சுமார் 0.7 முதல் 0.9 மில்லிமீற்றர், அதாவது ஒரு வங்கி அட்டையின் தடிப்பு. இன்று கடையில் கிடைப்பது 0.5, 0.6 அளவுதான். சுழலும் சாண்டர் மெஷின் விளிம்பில் பட்டால் சில நொடிகளில் அடிமரம் தெரியும். பிறகு அதற்கு மருந்தில்லை. சில கார்களில் இருப்பது மரமே இல்லை, தகட்டில் அச்சிட்ட கோடுகள். அதில் தின்னர் பட்டால் கோடு முழுவதும் துணியோடு வந்துவிடும். ஆகவே எதையும் தொடுமுன் ஒரு துண்டைக் கழற்றி, அதன் வெட்டுவிளிம்பைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கழற்றும்போது நடக்கும் முதல் விபத்து மின்சாரத்தால் வருவது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் பொடியோடு, அதாவது அதன் இரும்பு உடலோடு, இணைந்திருக்கும். நெகட்டிவைத்தான் முதலில் கழற்றவேண்டும் என்ற இன்றைய பழக்கத்தில் ஸ்பானரை வைத்தால், அது பொடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பொடியோடு இணைந்த முனை எதுவோ அதையே முதலில் கழற்றுங்கள். அந்தக் கார்களுக்கு மின்சாதனம் செய்த லூக்கஸ் நிறுவனத்தின் வயர்களில் பிரவுண் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் பியூஸ் வழியாக வருவது, சிவப்பு பார்க் லைற், கறுப்பு எர்த். இருந்தாலும் அறுபது வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எண் எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீற்றர் கேபிளின் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றவும். பிளையர் போட்டால் நசிந்துவிடும்.

பழைய பூச்சு எது என்று அறிய, கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதனை செய்யலாம். ஸ்பிரிட் தொட்ட துணியில் இளகி ஒட்டினால் அது அரக்கு பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லக்கர் தின்னருக்கு இளகினால் செலுலோஸ் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொலியஸ்டரோ பொலியுரதேனோ. முதல் இரண்டும் நல்ல செய்தி: வெடிப்பு மேலோட்டமாக இருந்தால் முழுவதையும் உரிக்காமல், சுத்தம் செய்து, அதே வகைப் பூச்சை மெல்லியதாகப் புதுப்பித்தாலே போதும். உரித்துத்தான் ஆகவேண்டும் என்று எண்ணுமுன் இதைச் செய்துபாருங்கள்.

உரிப்பதானால் பெயின்ட் ரிமூவரைத் தூரிகையால் தடிப்பாக வைத்து, 10 முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் வெனியரின் நுண்துளை வழியே பசைக்குப் போய்ச் சேரும். தகட்டுச் சுரண்டி வேண்டாம்; காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பைக் கொண்டு, மரக்கோட்டின் போக்கிலேயே தள்ளி எடுங்கள். இரும்புக் கம்பிப் பஞ்சும் கூடாது. அதன் துகள் மரத்தில் தங்கி, மாரியின் ஈரம் பட்டதும் வால்நட்டிலுள்ள தனின் சத்தோடு சேர்ந்து கறுப்புப் புள்ளியாகும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துண்டு போதும். கோஸ்டிக் சோடாவை அறவே நெருங்க விடாதீர்கள்: மரத்தைக் கறுப்பாக்கி, பசையையும் கரைக்கும். ரிமூவர் வேலையைத் திறந்த வெளியில் கையுறையோடு செய்யவேண்டும். அதன் ஆவி கனமானது, மூடிய அறையில் மயக்கத்தையும் அதைவிடக் கேட்டையும் தரும்.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். மரம் மங்கியதும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது. தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். அது வெடிப்புகளில் இறங்கி, தூசைப் பிடித்து, பின்னால் அடிக்கும் எந்தப் பூச்சையும் ஒட்டவிடாது. டாஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்பிரே அதைவிட மோசம். அதிலுள்ள சிலிக்கோன் மரத்தில் தங்கினால், லக்கர் அடித்த கணத்திலேயே மீன்கண் போன்ற குழிகள் விழும். இவை இரண்டும் பட்ட மரத்தை, பூச்சை உரிப்பதற்கு முன்னும் பின்னும், கிறீஸ் அகற்றும் திரவத்தால் துடைக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. அதே துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டால் சிலிக்கோன் இடம் மாறுமே தவிர வெளியேறாது.

கடற்கரையூர் என்பதால் நமக்கு அதிகம் வரும் நோய் கறுப்புக் கறைதான். உப்புக்காற்றில் ஸ்குரூ ஆணி துருப்பிடித்து, அதைச் சுற்றி ஐம்பது சத நாணயம் அளவுக்குக் கறை படர்ந்திருக்கும். தேய்த்தால் போகாது, ஏனெனில் அது வெனியரின் அடிவரை இறங்கியது. ஒரு லீற்றர் சுடுநீரில் சுமார் 60 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்து, பிளாஸ்ரிக் பாத்திரத்தில் வைத்து, தூரிகையால் மெதுவாகப் பூசுங்கள். கறையில் மட்டும் பூசினால் வெளிறிய வட்டம் விழும். அந்தத் துண்டு முழுவதற்கும் பூசவேண்டும். நீரில் ஊறவிடவே கூடாது, பழைய பசை நீருக்கு இளகும். 15 நிமிடத்தில் நல்ல நீர்த் துணியால் துடைத்து, ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கலந்து இன்னொரு தடவை துடைத்து, நிழலில் மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். அமிலம் நஞ்சு. காய்ந்த பின் அதன் வெள்ளைத் தூள் மரத்தில் இருந்தால் தேய்க்காமல் ஈரத்துணியால் எடுக்கவும். தேய்த்தால் தூள் மூச்சில் ஏறும். வெயிலில் வெளிறிய மரத்தை இந்த அமிலம் திருத்தாது. இரும்புக் கறைக்கு மட்டுமே இது.

துருப்பிடித்த ஆணியை மீண்டும் போடுவதில் அர்த்தமில்லை. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். பித்தளை மென்மையானது, பழைய துளையில் முறுக்கினால் தலை ஒடியும். அதே அளவு இரும்பு ஆணியை மெழுகு தொட்டு முதலில் ஏற்றி இறக்கி, வழி செய்த பின் பித்தளையை ஏற்றவும். துளை பெருத்திருந்தால் மூங்கில் குச்சியைப் பசையோடு அடைத்து, காய்ந்ததும் புதிதாகத் துளைக்கலாம்.

இனி பசை. வெனியர் கிளம்பிய இடத்தில் ஒரு சொட்டு வெந்நீர் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது மிருகப் பசை, இன்னும் வேலை செய்யும். ஈரத்துணியை மேலே வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் வைத்து எடுத்து, உடனே பொலித்தீன் விரித்து, தட்டைப் பலகையும் கிளாம்பும் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிசுபிசுக்காவிட்டால், கொப்புளத்தை ரேஸர் பிளேடால் மரக்கோட்டின் போக்கில் கீறி, ஊசிமூலம் புதிய பசையைச் செலுத்தவேண்டும். கோட்டுக்குக் குறுக்கே கீறினால் அந்தத் தழும்பு எந்தப் பூச்சிலும் மறையாது.

எந்தப் பசை என்பதில்தான் நம்மூர் வெயில் குறுக்கே வருகிறது. ஜூலை மாதத்தில் கண்ணாடி ஏற்றி வெயிலில் விட்ட காரின் டாஷ்போர்ட் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். அந்தச் சூட்டில் வெள்ளைப் பசை இளகி மெல்ல நகரும், வெனியரின் பொருத்துவாய் திறந்துகொள்ளும். கதவு மரத்தின் சிறு ஒட்டுக்கு வெள்ளைப் பசை பரவாயில்லை. டாஷ்போர்டுக்கு யூரியா போமல்டிஹைட் தூள் பசையோ எபொக்சியோ தான். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையை வெனியருக்குப் போடவே கூடாது. ஒட்டும்போது மகா இலகுவாக இருக்கும். லக்கரில் உள்ள தின்னர் அதைக் கரைக்க, இரண்டாவது பூச்சிலேயே மேலெங்கும் கொப்புளம். வளைந்த கதவு மரத்துக்குப் பலகை பொருந்தாது, அதற்கு மண் மூட்டை நல்லது: சலித்துக் காயவைத்த மணலைத் துணிப் பையில் இறுக்கமில்லாமல் நிரப்பி மேலே வைத்து அழுத்தினால் வளைவு முழுவதும் சமமாகப் பிடிக்கும். ஆற்று மணலை எடுங்கள். உப்புவெளிக் கரை மணலில் உப்பு இருக்கும், அது ஈரத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும்.

வெனியர் உடைந்து போன இடத்துக்கு ஒட்டுத்துண்டு வெட்டும்போது சதுரமாக வெட்டாதீர்கள். கோட்டின் போக்கில் நீண்ட, இரு முனையும் கூரான படகு வடிவம் கண்ணுக்குத் தெரியாது. மரத்தின் முண்டிலிருந்து எடுத்து, கண் கண்ணாகத் தெரியும் முண்டு வால்நட் என்றால் அதன் கண்களின் ஓரத்தையே பின்பற்றி, வளைந்து வளைந்து வெட்டவேண்டும். துண்டையும் அடிவெனியரையும் ஒன்றாக வைத்து ஒரே வெட்டில் வெட்டினால் இடைவெளி வராது. அதைவிட முக்கியம், துண்டு எங்கிருந்து வருகிறது என்பது. வால்நட் வெயிலில் வெளிறும் மரம், புது வெனியர் எப்போதும் பழையதைவிடக் கருமையாக இருக்கும். அதே காரின் கையுறைப் பெட்டிக் கதவின் உட்பக்கத்திலோ, மீற்றருக்குப் பின்னால் மறையும் இடத்திலோ வெனியர் இருந்தால் அங்கிருந்து எடுங்கள். தேக்கு வெனியர் எளிதில் கிடைக்கிறது என்று வால்நட்டில் ஒட்டுவோர் உண்டு. எவ்வளவு சாயம் போட்டாலும் தேக்கின் நேர்கோடு காட்டிக்கொடுத்துவிடும். தேக்கில் இயற்கை எண்ணெய் வேறு இருக்கிறது, தின்னரால் துடைக்காமல் ஒட்டினால் பசை பிடிக்காது. நமது முதிரை மிக அழகான மரம்தான், முழு டாஷ்போர்டையும் புதிதாகச் செய்வோர் தாராளமாகப் போடலாம். ஆனால் அது அந்தக் காரின் மரம் அல்ல என்பதை விற்கும்போது சொல்லிவிடவேண்டும்.

முழுவதும் புது வெனியர்தான் என்றால், ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து எடுத்த இதழ்களைக் கேட்டு வாங்கி, வந்த வரிசையிலேயே எண் போடுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் கோடு திரும்புவது அந்த வரிசையால்தான். முண்டு வெனியர் சுருண்டும் நொறுங்கியும் வரும். ஒரு லீற்றர் நீரில் 100 மில்லிலீற்றர் கிளிசரின் கலந்து தெளித்து, அச்சில்லாத வெள்ளைக் கடதாசிகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, கடதாசியைத் தினம் மாற்றிவந்தால் சில நாளில் தட்டையாகும். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை இறங்கும்.

தேய்ப்பது கையால், கட்டையில் சுற்றிய சாண்ட்பேப்பரால்: 180, பிறகு 240, கடைசியில் 320. விளிம்புகளுக்கு 240இலிருந்து தொடங்கினால் போதும். மரத்தின் நுண்துளைகளை நிரப்பி, அடிப்பூச்சான சாண்டிங் சீலர் இரண்டு தடவை, அதன் மேல் செலுலோஸ் லக்கர். லக்கருக்குச் சம அளவு தின்னர் கலந்து, மெல்லியதாக 8 முதல் 10 தடவை அடிக்கவேண்டும், நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். தடிப்பாக அடித்து ஒரே நாளில் முடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். பின்னர் சுருங்கி வெடிக்கும்.

காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான். ஐப்பசி தொடக்கம் தை வரை, வாடைக்காற்றும் மாரியும் இருக்கும்போது லக்கர் அடித்தால் மேலே பால் போல் வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதே காரணம். அந்த நாட்களில் அடித்தே ஆகவேண்டுமானால், மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டர் தின்னரை 5 முதல் 10 வீதம் கலக்கலாம். ஆனால் மரமே அப்போது ஈரம் குடித்துப் பெருத்திருக்கும். அந்நிலையில் ஒட்டிய வெனியர், ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சுருங்கி, கோட்டின் போக்கில் மயிரிழையாக வெடிக்கும். மாறாகக் கச்சானிலேயே அடித்தால், லக்கர் மரத்தைச் சேருமுன் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும், தூசும் ஒட்டும். மாசியிலிருந்து சித்திரை வரைதான் நமக்கு நல்ல காலம். மழைக்காலத்தில் கழற்றுவது, கறை எடுப்பது, துண்டு வெட்டுவது என்று செய்து வைத்து, ஒட்டுவதற்கு முன் மரத்தை இரண்டு வாரம் வீட்டுக்குள் காற்றோட்டமாக வைத்திருங்கள். கச்சானில் செய்ய நேர்ந்தால் காற்று எழும்புமுன், விடிந்ததும் அடித்து முடித்துவிடுங்கள்.

பெயின்ட் கராஜ்களில் காருக்கு அடிக்கும் இரு கலவைப் பொலியுரதேனை மரத்துக்கும் அடித்துத் தருகிறார்கள். அன்றாடம் ஓடும் காருக்கு அது தப்பென்று சொல்லமாட்டோம், சூரிய ஒளியை நன்றாகத் தாங்கும். ஆனால் அடுத்த தடவை திருத்தும்போது தின்னரால் கரையாது, சுரண்டியே எடுக்கவேண்டும்; மெல்லிய வெனியர் அதைத் தாங்குவது அரிது. அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடானது, சாதாரணத் தூசு மாஸ்க் அதைத் தடுக்காது. தெளிந்த எபொக்சியை மட்டும் மேற்பூச்சாக விடவேண்டாம், வெயிலில் மஞ்சளிக்கும். படகு வார்னிஷ் நெகிழ்வானது, வெளி மரத்துக்கு அருமையானது. மொரிஸ் மைனர் ட்ரவலரின் ஆஷ் மரச் சட்டத்துக்கு அதையே அடியுங்கள். உள்ளே டாஷ்போர்டில் அது மெதுவாகக் காய்ந்து, சூட்டில் பிசுபிசுத்து, தூசைப் பிடித்துக்கொள்ளும். ட்ரவலர் வைத்திருப்போருக்கு இன்னொன்று: அந்த மரச் சட்டம் அலங்காரமல்ல, பின்பகுதிப் பொடியைத் தாங்குவதே அதுதான். உக்கிய இடத்தைப் பட்டி போட்டு மறைக்காமல் மரத்தை மாற்றவேண்டும்.

மரத்தின் பின்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. முன்னால் பத்துத் தடவை பூசி, பின்னால் வெறுமரமாக விட்டால், மாரியில் பின்பக்கம் மட்டும் ஈரம் குடித்து, பலகை முன்னோக்கி வளையும். பின்பக்கத்துக்கும் மீற்றர் துளைகளின் உள்விளிம்புக்கும் சீலர் இரண்டு தடவை கட்டாயம். துளைகளுக்குள் லக்கர் தடிப்பாக ஏறினால் மீற்றர் உள்ளே போகாது. ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் மீற்றரின் வெளிவளையத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளவும்.

கடைசிப் பூச்சுக்குப் பின் மூன்று நான்கு வாரம் தொடாமல் விட்டு, 1000, 1500, 2000 தாள்களால் சவர்க்கார நீர் தொட்டுத் தேய்த்து, கொம்பவுண்ட் போட்டால் கண்ணாடி போல் வரும். மீண்டும் பொருத்துமுன் முன்கண்ணாடி ரப்பரைப் பாருங்கள். டாஷ்போர்ட் மரம் கெடுவதற்குப் பெரும்பாலும் அந்த ரப்பரின் கீழ்மூலையில் ஒழுகும் நீரே காரணம். குழாய் நீரை வெளியில் ஐந்து நிமிடம் ஊற்றி, உள்ளே வெள்ளைக் கடதாசி விரித்துப் பார்த்தால் ஒழுக்கு தெரிந்துவிடும். ரப்பரை மாற்றாமல் மரத்தைப் பொருத்தினால் அடுத்த மாரியில் அதே மூலை மீண்டும் கிளம்பும்.

இந்த வேலைக்கு வேண்டிய கை நமது தளபாடத் தச்சர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வெனியர் ஒட்டுவதையும் லக்கர் அடிப்பதையும் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் மரவேலைப் பாடத்தில் சேர்த்தால், சாமானைக் கொழும்புக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. அதுவரை, கார் வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய மரம் எவ்வளவு கெட்டிருந்தாலும் விறகுக்குப் போடாமல், உதிர்ந்த வெனியர்த் துண்டுகளையும் சேர்த்து, காற்றோட்டமான இடத்தில் தட்டையாக வையுங்கள். புதிது செய்வதற்கு அளவும் துளைகளின் இடமும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஒட்டுக்கு நிறம் பொருந்தும் துண்டும் அதில்தான் கிடைக்கும்.

இங்ஙனம்,
பழைய வாகன மரவேலை செய்வோர்,
உவர்மலை, திருகோணமலை.